அதிவேக நெடுஞ்சாலைகளில் பின்னோக்கிச் செலுத்துதல்

அதிவேக நெடுஞ்சாலைகளில் பின்னோக்கிச் செலுத்துதல் என்பது, நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட ஒரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடங்களிலோ, ஓரத்தடத்திலோ, நுழைவழி அல்லது வெளிவழியிலோ ஒரு வண்டியைப் போக்குவரத்துத் திசைக்கு எதிராகப் பின்புறமாக நகர்த்துவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது 'ரிவர்ஸ் எடுப்பது' எனப்படுகிறது. உலகின் பெரும்பாலான நாடுகளின் சாலைச் சட்டங்கள் இச்செயலை முற்றாகத் தடை செய்துள்ளன.

செல்ல வேண்டிய வெளிவழியைக் கவனிக்காமல் கடந்துவிட்ட ஓட்டுநர்களே பெரும்பாலும் இத்தவற்றைச் செய்கின்றனர். கடந்து வந்த தொலைவு சில பத்து மீட்டர்களே என்பதாலும், கண்ணாடியில் வண்டி எதுவும் தென்படாததாலும், சற்றுப் பின்னால் செல்வதில் ஆபத்தில்லை என்று அவர்கள் கருதுகின்றனர். இக்கருத்து ஏன் தவறானது என்பதையும், சட்டங்கள் இதற்கு ஏன் 'பாதுகாப்பாக இருந்தால் செய்யலாம்' என்ற சலுகையை அளிப்பதில்லை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அதிவேக நெடுஞ்சாலை – வரையறை

எல்லா நெடுஞ்சாலைகளும் அதிவேக நெடுஞ்சாலைகள் அல்ல. பின்வரும் பண்புகளைக் கொண்ட சாலைகளே பொதுவாக இவ்வகையில் அடங்கும்:

* எதிரெதிர்த் திசைகளில் செல்லும் போக்குவரத்து, மையத் தடுப்பினால் பிரிக்கப்பட்டிருக்கும்.
* ஒரே மட்டத்தில் குறுக்கிடும் சந்திப்புகள் இரா. குறுக்கே செல்லும் சாலைகள் பாலத்தின் மேலோ அடியிலோ செல்லும்.
* குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே உள்ளே நுழையவும் வெளியேறவும் இயலும்.
* நடந்து செல்வோர், மிதிவண்டிகள், கால்நடைகள், மெதுவாகச் செல்லும் வண்டிகள் ஆகியவற்றுக்கு அனுமதி இராது.

ஜெர்மனியின் ஆட்டோபான், ஐக்கிய இராச்சியத்தின் மோட்டார்வே, இந்தியாவின் விரைவுச்சாலைகள், இலங்கையின் அதிவேக நெடுஞ்சாலைகள் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இச்சாலைகளில் எதிரே வண்டி வராது, குறுக்கே எவரும் வரமாட்டார் என்ற உறுதியின் பேரிலேயே உயர்ந்த வேகம் அனுமதிக்கப்படுகிறது. பின்னோக்கி வரும் ஒரு வண்டி இவ்வுறுதியைக் குலைத்துவிடுகிறது.

நிபந்தனையுள்ள விதியும் நிபந்தனையற்ற விதியும்

சாதாரணச் சாலைகளில் பின்னோக்கிச் செலுத்துதல் தவிர்க்க இயலாதது. வண்டியை நிறுத்துமிடத்தில் இருந்து வெளியே எடுக்கவும், குறுகிய தெருவில் திருப்பவும் அது தேவைப்படுகிறது. ஆகவே அங்கு விதி நிபந்தனையுடன் அமைகிறது: பிறருக்கு ஆபத்து இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தேவையான தொலைவுக்கு மட்டும் செல்லலாம். ஆபத்து உள்ளதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஓட்டுநரிடம் விடப்படுகிறது.

அதிவேக நெடுஞ்சாலையில் அப்பொறுப்பு ஓட்டுநரிடம் விடப்படுவதில்லை. ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிகளில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். அவ்விதிகளின் 9ஆம் பிரிவு, பின்னோக்கிச் செலுத்தும் ஓட்டுநர் பிறருக்கு ஆபத்து நேராதவாறு நடந்துகொள்ள வேண்டும் என்றும், தேவைப்பட்டால் வழிகாட்ட ஒருவரை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது. ஆட்டோபான் பற்றிய 18ஆம் பிரிவோ, திரும்புவதும் பின்னோக்கிச் செலுத்துவதும் தடை செய்யப்பட்டவை என்று ஒரே வரியில் முடிக்கிறது. ஜப்பானின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் இவ்வாறே பொதுச் சாலைக்கு நிபந்தனையுள்ள விதியையும், அதிவேகச் சாலையின் முதன்மைத் தடங்களுக்கு நிபந்தனையற்ற தடையையும் தனித்தனியே வகுத்துள்ளது.

பாதுகாப்பாக உள்ளதா என்று அறிவதற்குத் தேவையான தகவல் ஓட்டுநரின் இருக்கையில் இருந்து கிடைப்பதில்லை என்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். இதனைக் கீழ்வரும் கணக்குகள் காட்டுகின்றன.

தடைக்கான காரணங்கள்

நேரமும் தொலைவும்

ஓர் ஓட்டுநர் வெளிவழியைக் கடந்து 50 மீட்டர் தொலைவில் வண்டியை நிறுத்திவிட்டு, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கிச் செல்கிறார் எனக் கொள்வோம். இவ்வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர் ஆகும். எனவே 50 மீட்டரைக் கடக்க அவருக்கு 18 வினாடிகள் தேவை.

மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி வினாடிக்கு 33.3 மீட்டர் செல்லும். அதே 18 வினாடிகளில் அது 600 மீட்டரைக் கடந்துவிடும். அதாவது, அவர் பின்னோக்கிச் செல்லத் தொடங்கும்போது 600 மீட்டருக்கு அப்பால் இருந்த வண்டி, அவர் அச்செயலை முடிக்கும் முன்னரே அவ்விடத்தை வந்தடைய இயலும். சாலை வளைவிலோ மேட்டின் மறுபுறத்திலோ இருந்தால் அந்த வண்டியைத் தொடக்கத்தில் அவர் கண்டிருக்கவே இயலாது. 'பார்த்தேன், எதுவும் வரவில்லை' என்ற கூற்று உண்மையாக இருந்தாலும் அதனால் பயனில்லை. மோதப்போகும் வண்டி அவர் பார்த்த வேளையில் பார்வைக்குள் வந்திருக்கவில்லை.

நிறுத்தத் தொலைவு

தடையைக் கண்ட கணத்தில் இருந்து வண்டி முழுமையாக நிற்கும் வரை அது கடக்கும் தொலைவு நிறுத்தத் தொலைவு எனப்படும். இது இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, ஓட்டுநர் தடையை உணர்ந்து பிரேக்கை அழுத்தும் வரை வண்டி செல்லும் தொலைவு. இரண்டாவது, பிரேக் செயற்பட்டு வண்டி நிற்கும் வரையிலான தொலைவு.

சாலை வடிவமைப்பில் எதிர்வினை நேரம் 2.5 வினாடி என்றும், வேகக் குறைப்பு வினாடிக்கு வினாடி 3.4 மீட்டர் என்றும் கொள்வது ஒரு வழக்கம். இதன்படி சமதளச் சாலையில் நிறுத்தத் தொலைவுகள் ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:

* மணிக்கு 50 கிமீ – 63 மீட்டர்
* மணிக்கு 80 கிமீ – 128 மீட்டர்
* மணிக்கு 100 கிமீ – 183 மீட்டர்
* மணிக்கு 120 கிமீ – 247 மீட்டர்

வேகம் இரு மடங்காகும்போது பிரேக் செயற்படும் தொலைவு நான்கு மடங்காகிறது. மணிக்கு 50 கிமீ வேகத்தில் 28 மீட்டராக இருக்கும் அத்தொலைவு, 100 கிமீ வேகத்தில் 113 மீட்டருக்கு மேலாகிறது. மோதலின்போது வெளிப்படும் ஆற்றலும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பவே கூடுகிறது.

விழிப்புடன் இருக்கும் ஓட்டுநர் உலர்ந்த சாலையில் பிரேக்கை முழு வலுவுடன் அழுத்தினால் இதைவிடக் குறைந்த தொலைவிலும் நிறுத்திவிட முடியும். ஆயினும் ஈரமான சாலை, தேய்ந்த டயர், சுமையேற்றிய லாரி, இரவு நேரக் களைப்பு ஆகியவற்றையும் கருத்திற்கொண்டே விதிகள் வகுக்கப்பட வேண்டியுள்ளது.

பின்னால் வரும் ஓட்டுநரின் பார்வை

சாலையில் முன்னே ஒரு காரைக் காணும் ஓட்டுநர், அதுவும் தன்னைப் போலவே முன்னோக்கிச் செல்வதாக இயல்பாகக் கொள்கிறார். அது நிற்கிறதா, பின்னோக்கி வருகிறதா என்பதை அக்காரின் தோற்ற அளவு வளர்வதைக் கொண்டே அவர் உணர வேண்டும்.

1.8 மீட்டர் அகலமுள்ள ஒரு கார் 250 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 0.4 பாகைக் கோண அளவே கொண்டதாகத் தோன்றும். முழுநிலவின் தோற்ற அகலம் ஏறத்தாழ அரைப் பாகை. அதாவது, நிறுத்தத் தொடங்க வேண்டிய இடத்தில் அக்கார் நிலவைவிடச் சிறியதாகவே தெரிகிறது. தோற்றக் கோணம் வினாடிக்கு ஏறத்தாழ 0.003 ரேடியன் என்ற வீதத்தைத் தாண்டி வளரும்போதே மனிதர் நெருங்கும் வேகத்தைத் தெளிவாக உணர்கின்றனர் என்பது விபத்து ஆய்வுகளில் பயன்படுத்தப்படும் ஓர் அளவு. மணிக்கு 120 கிமீ வேகத்தில் வருபவருக்கு, 10 கிமீ வேகத்தில் பின்னோக்கி வரும் காரைப் பொறுத்தவரை, இந்நிலை ஏறத்தாழ 147 மீட்டர் தொலைவிலேயே ஏற்படும். அப்போது மோதலுக்கு எஞ்சியிருப்பது நான்கு வினாடிகளே. மேலே கணக்கிட்ட நிறுத்தத் தொலைவோ 247 மீட்டர்.

விளக்குகளும் இங்குப் போதிய உதவி செய்வதில்லை. இரவில் எரியும் பின்புறச் சிவப்பு விளக்குகள், வண்டி முன்னோக்கிச் சென்றாலும் பின்னோக்கிச் சென்றாலும் ஒரே மாதிரியாகவே எரியும். ரிவர்ஸ் கியரைப் போட்டவுடன் வெண்ணிற விளக்கு கூடுதலாக எரிகிறது. ஆனால் அருகில் உள்ளோரை எச்சரிப்பதற்கும், ஓட்டுநருக்குச் சில மீட்டர் வெளிச்சம் தருவதற்கும் என அமைந்த சிறிய விளக்கு அது. அதிவேக நெடுஞ்சாலையில் அவ்விளக்கை எவரும் எதிர்பார்ப்பதுமில்லை.

மற்றொரு சூழலும் உண்டு. ஒரு லாரியின் பின்னே செல்லும் காரின் ஓட்டுநருக்கு லாரியின் முன்னே இருப்பது தெரியாது. பின்னோக்கி வரும் வண்டியைக் கண்ட லாரி கடைசி நேரத்தில் தடம் மாறினால், பின்னால் வந்த கார் அவ்வண்டியை நேருக்கு நேராக எதிர்கொள்கிறது. முதலில் வந்தவர் தப்பினாலும் அடுத்து வருபவர் தப்ப இயலாமற் போகலாம்.

வண்டியின் இயக்கம்

கார்களும் லாரிகளும் முன் சக்கரங்களால் திருப்பப்படுகின்றன. முன்னோக்கிச் செல்லும்போது அச்சக்கரங்கள் தாமாகவே நேர்நிலைக்குத் திரும்பும் வகையில் அவற்றின் அச்சுச் சாய்வு அமைக்கப்பட்டுள்ளது. பின்னோக்கிச் செல்லும்போது இதே அமைப்பு எதிராகச் செயற்படுகிறது. சிறிதளவு திரும்பிய சக்கரம் மேலும் திரும்ப முயல்கிறது. இதனால் வேகம் கூடக் கூட வண்டியை நேர்கோட்டில் வைத்திருப்பது கடினமாகிறது. பதற்றத்தில் ஸ்டியரிங்கைச் சற்றே அதிகமாகத் திருப்பிவிட்டால், வண்டி தடங்களின் குறுக்கே நின்றுவிடும்.

பின்னோக்கிச் செலுத்துபவர் தலையைத் திருப்பியோ, கண்ணாடிகளைப் பார்த்தோ ஓட்டுகிறார். அவரது பார்வை குறுகியது. லாரி, பேருந்து ஆகியவற்றில் வண்டிக்கு நேர் பின்னே உள்ள பரப்பு கண்ணாடிகளில் தெரிவதேயில்லை.

ஓரத்தடம்

முதன்மைத் தடத்தில் செல்லாமல் ஓரத்தடத்தில் பின்னோக்கிச் செல்வது பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் பழுதான வண்டிகளும், அவற்றில் இருந்து இறங்கியோரும் நிற்குமிடம் ஓரத்தடமே. ஆம்புலன்சும் மீட்பு வண்டிகளும் அதனைப் பயன்படுத்துகின்றன. களைப்பினால் தடம் விலகி வரும் வண்டிகளும் முதலில் அங்கேயே நுழைகின்றன. ஆகையால் பல நாடுகளின் விதிகள் ஓரத்தடத்தையும் வெளிப்படையாகப் பெயரிட்டே தடையில் சேர்த்துள்ளன.

வரலாறு

மோட்டார் வண்டிகளுக்கென்றே அமைந்த சாலைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றின. இத்தாலியில் மிலான் நகரை ஏரிப் பகுதிகளுடன் இணைக்கும் சாலை 1924இல் திறக்கப்பட்டது. ஜெர்மனியில் கோல்ன் – பான் சாலை 1932இல் திறக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைத் திட்டத்திற்கான சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தின் முதல் மோட்டார்வே, பிரெஸ்டன் புறவழிச்சாலையாக 1958 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஜப்பானின் முதல் அதிவேகச் சாலையான மெய்சின் சாலை 1963இல் பயன்பாட்டுக்கு வரத் தொடங்கியது.

இச்சாலைகளுக்கான விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைவாக்கும் முயற்சியின் பயனாக, சாலைப் போக்குவரத்து பற்றிய வியன்னா உடன்படிக்கை 1968 நவம்பரில் உருவாகி 1977இல் நடைமுறைக்கு வந்தது. இதன் 25ஆம் உறுப்பு மோட்டார்வே பற்றியது. இச்சாலைகளிலும், உள்நாட்டுச் சட்டம் அவ்வாறு வகுத்திருந்தால் இவற்றின் நுழைவழி, வெளிவழிகளிலும் திரும்புதல், பின்னோக்கிச் செலுத்துதல், மையப் பிரிப்புப் பகுதியில் ஏறுதல் ஆகிய மூன்றையும் இவ்வுறுப்பு தடை செய்கிறது. மையத் தடுப்பில் இரு பக்கங்களையும் இணைக்க விடப்பட்டுள்ள இடைவெளிகளும் இத்தடையில் அடங்கும். இதே உடன்படிக்கையின் 14ஆம் உறுப்பு, பொதுச் சாலையில் பின்னோக்கிச் செல்வோர் பிறருக்கு ஆபத்தோ தடையோ ஏற்படாது என முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று மட்டுமே கூறுகிறது.

நாடுகள் வாரியாகச் சட்டம்

ஜெர்மனி

ஜெர்மனியின் அபராதப் பட்டியல் இடத்திற்கேற்பத் தண்டனையை வேறுபடுத்துகிறது. நுழைவழியிலோ வெளிவழியிலோ பின்னோக்கிச் சென்றால் 75 யூரோ, ஓரத்தடத்தில் சென்றால் 130 யூரோ, முதன்மைத் தடங்களில் சென்றால் 200 யூரோவுடன் ஒரு மாத வாகனம் ஓட்டத் தடை என்பன அதில் உள்ள அளவுகள். இவை ஆபத்து எதுவும் நேராதபோதும் விதிக்கப்படுபவை. கடும் விதிமீறலாகவும் பிறரைப் பொருட்படுத்தாமலும் இதனைச் செய்து, பிறர் உயிருக்கோ உடலுக்கோ பெறுமதியான உடைமைக்கோ ஆபத்து விளைவித்தால், அது குற்றவியல் சட்டத்தின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகலாம். பின்னோக்கிச் செல்ல முயல்வதும் அச்சட்டப் பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளது.

ஐக்கிய இராச்சியம்

பொதுச் சாலைகளில் தேவைக்கு மேற்பட்ட தொலைவுக்குப் பின்னோக்கிச் செல்லக்கூடாது என்பது ஐக்கிய இராச்சியத்தின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் உள்ளது. மோட்டார்வேக்களுக்கான 1982ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் அதனைப் பொதுவாகத் தடுக்கின்றன. அந்நாட்டின் நெடுஞ்சாலை நடத்தை நூலின் 263ஆம் விதி, நுழைவழி, வெளிவழி, ஓரத்தடம், அவசர ஒதுங்கிடம் உட்பட மோட்டார்வேயின் எப்பகுதியிலும் பின்னோக்கிச் செல்லக்கூடாது என்கிறது. வெளிவழியைத் தவறவிட்டவர் அடுத்த வெளிவழி வரை தொடர்ந்து செல்ல வேண்டும் என்பதையும் அதே விதி கூறுகிறது.

ஐக்கிய அமெரிக்கா

சாலைச் சட்டங்கள் இங்கு மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. மாநிலங்கள் பின்பற்றுவதற்கென வகுக்கப்பட்ட சீர்மை வாகனச் சட்ட மாதிரி, நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட நெடுஞ்சாலையின் தடத்திலும் ஓரத்திலும் பின்னோக்கிச் செல்வதைத் தடை செய்கிறது. டெக்சாஸ் மாநிலச் சட்டம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஐக்கிய அமெரிக்காவும் ஜப்பானும் 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் இணையாத நாடுகள். ஆயினும் அவற்றின் சட்டங்களும் இதே முடிவுக்கே வந்துள்ளன.

சீனா

2004ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சீன ஒழுங்குவிதிகள் அதிவேகச் சாலைகளில் பின்னோக்கிச் செல்வதையும், எதிர்த்திசையில் செல்வதையும், மையத் தடுப்பைக் கடந்து திரும்புவதையும் ஒரே பிரிவில் தடை செய்கின்றன. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புள்ளி முறையின்படி இக்குற்றத்திற்கு ஒரே தடவையில் 12 புள்ளிகள் பதியப்படும். உரிமத்தின் ஓராண்டுக் கணக்கின் மொத்தமே 12 புள்ளிகள் ஆதலால், அவ்வோட்டுநர் மீண்டும் பயிற்சி பெற்றுத் தேர்வெழுதிய பின்னரே வண்டி ஓட்ட இயலும்.

இந்தியா

இந்தியாவில் 1989ஆம் ஆண்டு சாலை ஒழுங்குவிதிகள், ஆபத்தோ தேவையற்ற இடையூறோ இல்லை என உறுதி செய்துகொள்ளாமல் பின்னோக்கிச் செல்லக்கூடாது என்றும், வண்டியைத் திருப்பத் தேவையான அளவைத் தாண்டக்கூடாது என்றும் கூறின. ஒருவழிப்பாதை எனக் குறிக்கப்பட்ட சாலைக்குள் பின்னோக்கி நுழைவதையும் அவை தடை செய்தன. இவ்விதிகளுக்கு மாற்றாக மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குவிதிகள் 2017இல் அறிவிக்கப்பட்டன.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 184ஆம் பிரிவு ஆபத்தான முறையில் ஓட்டுதலுக்குத் தண்டனை விதிக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதிக்கப்பட்ட போக்குவரத்துத் திசைக்கு எதிராக ஓட்டுவது இப்பிரிவில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. முதல் குற்றத்திற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால், 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இயலும்.

இழப்பீட்டு வழக்குகளிலும் நெடுஞ்சாலையில் எதிர்பாராத செயலைச் செய்தவரின் பொறுப்பு கருத்தில் கொள்ளப்படுகிறது. 2017இல் கோயம்புத்தூரில் நேர்ந்த ஒரு விபத்து தொடர்பாக 2025 சூலையில் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், முன்னறிவிப்பின்றி நெடுஞ்சாலையில் காரைத் திடீரென நிறுத்தியது கவனக்குறைவே என்று கூறியது. சொந்த அவசரத்தால் நிறுத்த நேர்ந்தது என்ற விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. விபத்துக்கான பொறுப்பில் 50 விழுக்காடு கார் ஓட்டுநரையும், 30 விழுக்காடு பேருந்து ஓட்டுநரையும், 20 விழுக்காடு மோட்டார் சைக்கிள் ஓட்டியவரையும் சார்ந்தது எனத் தீர்மானிக்கப்பட்டது. அவ்வழக்கு பின்னோக்கிச் செலுத்துதல் பற்றியதன்று. எனினும், பின்னால் வருவோர் எதிர்பாராத ஒன்றைச் செய்பவர் அதன் விளைவுக்கும் பொறுப்பாவார் என்பதே அதன் அடிப்படை.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். இவர்களுள் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளிலும் விரைவுச்சாலைகளிலும் இறந்தவர்கள்.

மும்பை – புனே விரைவுச்சாலை 2002இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. கிரேட்டர் நொய்டா – ஆக்ரா இடையிலான யமுனா விரைவுச்சாலை 2012இல் திறக்கப்பட்டது. 2023இல் திறந்து வைக்கப்பட்ட பெங்களூரு – மைசூரு நெடுஞ்சாலையில், அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் இருசக்கர வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் முதன்மைத் தடங்களில் தடை விதிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் நான்குவழித் தேசிய நெடுஞ்சாலைகள் பலவற்றில் மையத் தடுப்பில் இடைவெளிகளும், ஊர்களுக்குள் செல்லும் சாலைகளும் உள்ளன. தவறவிட்ட உணவகத்திற்கோ பெட்ரோல் நிலையத்திற்கோ சிறிது தொலைவு எதிர்த்திசையில் சென்றுவிடும் வழக்கம் இத்தகைய சாலைகளில் காணப்படுகிறது. அவ்வழக்கத்துடன் விரைவுச்சாலைக்குள் நுழையும் ஓட்டுநர், அங்கு வேகமும் பிற ஓட்டுநர்களின் எதிர்பார்ப்பும் மாறிவிட்டதை உணராமல் இருப்பதே பேராபத்தாகும்.

இலங்கை

இலங்கையின் முதல் அதிவேக நெடுஞ்சாலையான தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011 நவம்பரில், கொட்டாவைக்கும் காலிக்கு அருகிலுள்ள பின்னதுவைக்கும் இடையே திறக்கப்பட்டது. பின்னர் இது மாத்தறை வரையும், 2020இல் அம்பாந்தோட்டை வரையும் நீட்டிக்கப்பட்டது. இங்கு வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், நடந்து செல்வோர் ஆகியோருக்கு அனுமதியில்லை.

சாலை வடிவமைப்பின் பங்கு

ஓட்டுநர்கள் வெளிவழியைத் தவறவிடுவதைக் குறைப்பது, பின்னோக்கிச் செலுத்தும் தேவையையே குறைக்கிறது. இதற்கெனச் சாலைப் பொறியியலில் பல ஏற்பாடுகள் உள்ளன. ஜெர்மனியில் வெளிவழிக்கு 1,000 மீட்டர் முன்னும் 500 மீட்டர் முன்னும் அறிவிப்புப் பலகைகள் நிறுவப்படுகின்றன. தொடர்ந்து 300, 200, 100 மீட்டரில் மூன்று, இரண்டு, ஒன்று எனக் கோடுகள் இட்ட சிறு பலகைகள் நிற்கின்றன. ஐக்கிய இராச்சியத்தில் இவை ஒரு மைல், அரை மைல், பின்னர் 300, 200, 100 கஜம் என அமைகின்றன.

வெளிவழி முதன்மைச் சாலையில் இருந்து பிரியும் முக்கோணப் பகுதியைப் பிரிமுனை எனலாம். சாய்கோடுகள் வரையப்பட்ட இப்பகுதி வண்டிகள் செல்வதற்கோ நிற்பதற்கோ உரியதன்று. தயங்கும் ஓட்டுநர்கள் நின்று யோசிப்பதும், பின்னர் பின்னோக்கி நகர்வதும் பெரும்பாலும் இங்கேயே. இருபுறமும் அதிவேகத்தில் வண்டிகள் செல்லும் இடம் ஆதலால் சாலையின் மிக ஆபத்தான இடங்களுள் இதுவும் ஒன்றாகும்.

வண்டிக் கருவிகளின் வரம்பு

புதிய கார்களில் பின்னோக்கிச் செல்ல உதவும் கருவிகள் பொருத்தப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்களில் பின்புறக் கேமரா கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் 2019 சூலை முதல் புதிய கார்களில் பின்புற உணரி கட்டாயமாக்கப்பட்டது. வண்டியின் பின்னே உள்ள குழந்தை, சுவர், தூண் போன்றவற்றைக் கண்டறிவதற்காக இவை உருவாக்கப்பட்டன. மீயொலி உணரிகளின் எட்டும் தொலைவு சில மீட்டர்களே. கேமராவின் அகன்ற கோணக் காட்சியிலும் தொலைவில் உள்ள வண்டி ஒரு புள்ளியாகவே தெரியும். உணரி ஒலி எழுப்பவில்லை என்பது நெடுஞ்சாலை வெறுமையாக உள்ளது என்று பொருள்படாது.

கைபேசி வழிகாட்டிகளும் கவனத்திற்குரியவை. ஓட்டுநர் வழி தவறினால் அவை புதிய வழியைத் தாமே கணக்கிட்டுத் தருகின்றன. எனவே பின்னோக்கிச் சென்று பழைய வழியைப் பிடிக்க வேண்டிய தேவை எழுவதில்லை.

விதிவிலக்குகள்

* காவல்துறையினர் அல்லது போக்குவரத்து அலுவலர் நேரடியாக ஆணையிடும்போது வண்டிகள் பின்னோக்கியோ எதிர்த்திசையிலோ நகர்த்தப்படலாம். பெரும் விபத்தினால் சாலை முற்றாக அடைபட்டு, சிக்கிய வண்டிகளை வெளியேற்றும்போது இது நிகழ்கிறது.
* சாலைப் பராமரிப்பு வண்டிகளுக்கும் அவசர வண்டிகளுக்கும் பணிக்குத் தேவையான அளவில் தனிச் சலுகை சில நாடுகளில் உண்டு. ஜெர்மனியில் சிவப்பு வெள்ளைக் குறியீடிட்ட பராமரிப்பு வண்டிகள் இச்சலுகையைப் பெறுகின்றன.
* சுங்கச்சாவடியில் தவறான வரிசைக்குள் நுழைந்துவிட்ட ஓட்டுநர் தாமே பின்னோக்கி நகரக்கூடாது. பின்னால் உள்ளோரை நிறுத்தி வைத்து வழிகாட்டும் பணி சாவடி ஊழியருக்குரியது.

வழி தவறிச் சென்றுவிட்டதும், நேரம் வீணாவதும் எந்நாட்டிலும் விதிவிலக்காகக் கொள்ளப்படுவதில்லை.

வெளிவழியைத் தவறவிட்டால்

தவறவிட்ட வெளிவழிக்கு மாற்று, வேகத்தைக் குறைக்காமல் தொடர்ந்து சென்று அடுத்த வெளிவழியில் இறங்குவதே. அடுத்த வெளிவழி 20 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகவும், அங்கிருந்து அதே தொலைவு திரும்பி வர வேண்டியுள்ளதாகவும் கொண்டால், கூடுதல் பயணம் 40 கிலோமீட்டர் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இதற்கு 24 நிமிடங்கள் தேவை. சிறிது எரிபொருளும், சில இடங்களில் கூடுதல் சுங்கக் கட்டணமும் செலவாகும். பின்னோக்கிச் செல்லும் 18 வினாடிகளில் மிச்சப்படுத்த முனைவது இவ்வளவே.

வண்டி பழுதாகி நிற்க நேர்ந்தால் கடைப்பிடிக்க வேண்டியவை:

* இயன்றவரை முன்னோக்கியே உருட்டிச் சென்று ஓரத்தடத்திலோ அவசர ஒதுங்கிடத்திலோ நிறுத்த வேண்டும். கடந்து வந்த ஒதுங்கிடத்திற்குப் பின்னோக்கிச் செல்லக்கூடாது.
* நான்கு திசைகாட்டி விளக்குகளையும் ஒருசேர எரியவிட வேண்டும்.
* போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியே இறங்கி, தடுப்பு வேலிக்கு அப்பால் சென்று நிற்க வேண்டும்.
* அவ்விடத்தில் இருந்து சாலையின் உதவி எண்ணுக்கு அறிவிக்க வேண்டும்.

முன்னே ஒரு வண்டி பின்னோக்கி வருவதைக் கண்ட ஓட்டுநர், உடனே வேகத்தைக் குறைத்து, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டுப் பின்னால் வருவோருக்கு உணர்த்துதல் வேண்டும். பக்கத் தடம் வெறுமையாக உள்ளதா எனப் பார்க்காமல் திடீரெனத் தடம் மாறுவது, ஒரு விபத்தைத் தவிர்த்து மற்றொன்றை உண்டாக்கக்கூடும்.

இவற்றையும் பார்க்கவும்

* விரைவுச்சாலை
* நிறுத்தத் தொலைவு
* எதிர்த்திசையில் ஓட்டுதல்
* சாலைப் போக்குவரத்து பற்றிய வியன்னா உடன்படிக்கை
* மோட்டார் வாகனச் சட்டம் 1988